கொசுறுக் குருவி

(அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்திய வடிவம்.)



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ அந்தக் கால்நடை மருத்துவரை நான் நேரில் அறிவேன். எங்கள் ஊர் மருந்தகத்தில் பல ஆண்டுகள் பணியில் இருந்தார். ஞாயிறு ஆராதனையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருப்பார். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். அதற்குரிய இடம் வரும்போது சொல்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு கிறிஸ்தவ விசுவாசமும் உயிரிரக்கமும். தலைப்பைக் கேட்டதும் இரண்டு எதிர்ப்புகள் என் காதில் ஒலித்தன. ஒன்று வெளியிலிருந்து வருவது: ஜீவகாருண்யம் சமணரும் பௌத்தரும் வள்ளலாரும் தந்தது, உங்கள் வேதத்தில் அதற்கு இடம் ஏது? மற்றது நம் வீட்டுக்குள்ளிருந்தே வருவது: ஆத்துமாக்களைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் ஆடு மாடு பறவை என்று ஏன் இழுக்கிறீர்கள்? இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றேதான். மிருகங்கள்மேல் இரக்கம் என்பது நம் விசுவாசத்துக்கு வெளியிலிருந்து கடனாக வாங்க வேண்டிய சரக்கு என்று இருவருமே நினைக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறானது. பிடித்துவிட முடிகிற இடத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது, வேதம் இரக்கத்துக்குத் தரும் வடிவங்களில் முதன்மையானது. மிருகத்தையும் பறவையையும் முன்வைத்தே வேதம் அதை நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. அதைக் கற்காதவர் மனிதனிடத்திலும் அரைகுறையாகத்தான் இரங்குவார். இதை ஏழு குறிப்புகளாக உங்கள் முன் வைக்கிறேன்.

1.

சந்தையிலிருந்து தொடங்குகிறேன். இயேசு நடமாடிய கலிலேயாவில் சிட்டுக்குருவி ஏழைகளின் கறி. மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் அதன் விலை இருக்கிறது: இரண்டு குருவி ஒரு காசு. நம் மொழிபெயர்ப்பில் 'காசு' என்று வருவது கிரேக்கத்தில் 'அசாரியோன்' என்ற சிறிய செப்புக்காசு. பதினாறு அசாரியோன் சேர்ந்தால் ஒரு தெனாரியம். ஒரு தெனாரியம் திராட்சத்தோட்டத்துக் கூலியாளின் ஒரு நாள் கூலி. பன்னிரண்டு மணி நேர வேலைநாளில் கணக்குப் போட்டால் முக்கால் மணி நேர உழைப்புக்கு இரண்டு குருவி. ரோமப் பேரரசன் தியோக்ளீசியன் கி.பி. 301இல் வெளியிட்ட விலைப்பட்டியலிலும் குருவி இருக்கிறது. அங்கே அதன் விலை பத்துப் பத்தாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் கணக்கு சற்று மாறுகிறது: இரண்டு காசுக்கு ஐந்து. மத்தேயுவின் விலைப்படி நான்குதானே வர வேண்டும்? ஐந்தாவது கொசுறு. கீரைக்காரம்மா கடைசியில் கட்டின்மேல் நாலு கொத்துமல்லித் தழையை வைப்பாரே, அதுபோலக் கையில் வந்து விழுந்தது. விலையே இல்லாத அந்தக் குருவியும் தேவனுடைய நினைவிலிருந்து தவறவில்லை என்பதுதான் அங்கே இயேசு சொல்வது.

தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்தப் பறவைக்கு 'அடைக்கலான் குருவி' என்று பெயர் தந்தார்கள். வீட்டு விட்டத்தில் கூடு கட்டும் பறவைக்குத் தமிழர் இட்டிருந்த பெயர் அது. அடைக்கலம் என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்கிறது. எண்பத்து நான்காம் சங்கீதத்தில் தேவனுடைய பீடங்களின் அருகே வீடு கண்டுகொள்ளும் பறவைக்கும் அதே பெயர்தான். ஆகவே தமிழில் அந்தச் சந்தைக் காட்சியை வாசிப்பவருக்கு, விற்கப்படுவது நம்மிடம் அடைக்கலம் தேடி வந்த ஒன்று என்ற உறுத்தலும் சேர்ந்தே வருகிறது. நம் மொழி நமக்குத் தந்த கொடை இது.

இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது நாம் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. நீங்கள் பல குருவிகளைவிட மேலானவர்கள் என்ற முடிவை எடுத்துக்கொண்டு குருவியைக் கீழே போட்டுவிடுகிறோம். இயேசு இங்கே கையாள்வது யூத ஆசிரியர்கள் நன்கறிந்த வாதமுறை. இலேசானதிலிருந்து கனமானதற்கு ஏறுவது அது: குருவிக்கே இப்படியென்றால் உங்களுக்கு எவ்வளவு! குருவி தேவனுக்கு ஒரு பொருட்டில்லை என்று வைத்துக்கொண்டால் முதல் படி உடைந்துவிடும். பிறகு நமக்கு ஏற இரண்டாம் படியும் இல்லை.

2.

ஆதியாகமத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுகிறேன். வேதத்தில் முதன்முதலாக ஆசீர்வாதம் பெற்றவர் யார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் ஆதாம் என்பார்கள். ஐந்தாம் நாளிலேயே மீன்களும் பறவைகளும் ஆசீர்வதிக்கப்பட்டுவிட்டன. பலுகிப் பெருகும் ஆசி அவற்றுக்கு முதலில் போயிற்று. ஆறாம் நாளில் அதே ஆசியைத்தான் மனிதனும் பெற்றான். ஜலப்பிரளயத்துக்குப் பிறகு வானவில்லை அடையாளமாக வைத்துச் செய்த உடன்படிக்கையிலும் நோவாவின் குடும்பம் மட்டும் இல்லை. பேழையிலிருந்து இறங்கிய பறவைகளும் நாட்டு மிருகங்களும் காட்டு மிருகங்களும் அதில் பங்காளிகள்.

'ஆண்டுகொள்ளுங்கள்' என்ற கட்டளை இருக்கிறதே என்பீர்கள். எபிரேயத்தில் அந்த வினைச்சொல் 'ராதா'. எழுபத்திரண்டாம் சங்கீதத்தில் நல்ல அரசனின் ஆளுகையைக் குறிப்பதும் அதே சொல்தான். அந்த அரசன் திக்கற்றவனின் கூப்பிடுதலுக்கு இரங்குகிறவன். எசேக்கியேல் முப்பத்து நான்கில் மந்தையைக் கடுமையாக ஆண்ட மேய்ப்பர்களைத் தேவன் கண்டிக்கும்போதும் அதே சொல் வருகிறது. ஆளுகை தரப்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. எப்படி ஆண்டாய் என்று கணக்குக் கேட்கப்படும் ஆளுகை அது.

3.

இனி வருவது என் பேச்சின் நடுமையம். சற்று நிதானமாகப் போவதற்கு அனுமதியுங்கள்.

உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், ஆறு, ஏழாம் வசனங்களில் ஒரு சிறு சட்டம் உண்டு. வழியிலே மரத்திலோ தரையிலோ ஒரு குருவிக்கூட்டைக் காண்கிறாய். தாய், முட்டைகளின்மேலோ குஞ்சுகளின்மேலோ அடைகாத்துக்கொண்டிருக்கிறது. குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது, அதைப் போக விட்டுவிட வேண்டும்.

சட்டத்தின் பொருள் என்ன? காட்டுப் பறவையை வெறுங்கையால் பிடிப்பது எளிதன்று. கூட்டில் இருக்கும் தாயைப் பிடித்துவிடலாம். ஏன்? அது பறந்துபோகாது. ஆள் நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அந்தப் பறவை கைக்கு எட்டியதற்குக் காரணம் பிடிப்பவனின் திறமை இல்லை. குஞ்சின்மேல் அதற்குள்ள பாசம். அந்தப் பாசத்தைக் கண்ணியாக்கி வேட்டையாடாதே என்கிறது சட்டம். இறைச்சி உண்பதை அது தடுக்கவில்லை. பசியோடு போகும் வழிப்போக்கனுக்கு முட்டையும் குஞ்சும் கிடைக்கின்றன. ஆனால் ஓர் உயிரின் மிக நல்ல குணம் எதுவோ, அதைக் கொண்டே அந்த உயிரை வீழ்த்தும் உரிமை அவனுக்கு மறுக்கப்படுகிறது.

இத்தனை சிறிய சட்டத்துக்கு வைத்த பலனைப் பாருங்கள்: நன்மையும் நீடித்த வாழ்நாளும். உபாகமத்தில் இதே இரட்டை வாக்குத்தத்தம் இன்னொரு கட்டளைக்கும் உண்டு. தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் ஐந்தாம் கட்டளை அது. தன் தாயைக் கனம்பண்ணுபவனும் வழியில் கண்ட ஒரு பறவைத் தாயைப் போக விட்டவனும் ஒரே பலனைப் பெறுகிறார்கள்.

யூத ஆசிரியர்கள் இந்தச் சட்டத்தைக் கட்டளைகளுக்குள்ளே மிக இலேசானதாகக் கருதினார்கள். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற அவர்களுடைய சட்டத் தொகுப்பில், ஹுல்லின் என்ற பகுதியின் முடிவில் இதைப் பற்றிய பேச்சு வருகிறது. ஓர் 'இசார்' அளவே நட்டம் தரும் இலேசான கட்டளைக்கே இத்தனை பலன் என்றால் கனமான கட்டளைகளுக்கு எவ்வளவு என்று அங்கே வாதிடுகிறார்கள். இசார் என்பது எது தெரியுமா? மத்தேயுவில் இரண்டு குருவிகளுக்கு விலையாக வரும் அதே அசாரியோன்தான். அதே காசு, அதே பறவை, இலேசானதிலிருந்து கனமானதற்கு ஏறும் அதே வாதம். இதை முதன்முதலில் கவனித்த நாளன்று என்னால் மேற்கொண்டு எதுவும் வாசிக்க முடியவில்லை. இயேசு குருவியைப் பேச்சுவாக்கில் எடுத்துக் காட்டவில்லை, கூட்டுச் சட்டத்தை மனத்தில் வைத்தே பேசினார் என்று நான் நம்புகிறேன். உறுதியாக நிறுவ முடியாது; என் வாசிப்பு அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே மிஷ்னாவின் வேறொரு பகுதியில், உமது இரக்கம் குருவிக்கூடு வரைக்கும் எட்டுகிறதே என்று ஜெபத்தில் புகழ்கிறவனை நிறுத்திவிட வேண்டும் என்று இருக்கிறது. காரணம் பற்றி அறிஞர்கள் பலவாறு பேசினார்கள். இது கட்டளை, உணர்ச்சி என்று சொல்லி இதை இலேசாக்கக் கூடாது என்பது ஒரு விளக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் வேறு பக்கம் நின்றார். குஞ்சுக்காகத் தாய்ப் பறவை படும் துன்பம் மனிதத் தாய் படும் துன்பத்திலிருந்து வேறானதன்று என்று அவர் எழுதினார். எனக்கு இரண்டும் வேண்டும். துன்பம் உண்மையானது, அதனால்தான் கட்டளை. எனக்கு மனம் இளகாத நாளிலும் என் கை நின்றாக வேண்டும். அதனால்தான் அது விருப்பமாக விடப்படாமல் கட்டளையாக வந்தது.

4.

கூட்டுச் சட்டம் தனித்து நிற்பதில்லை. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக் கூடாது. சத்துருவின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் அவனோடு சேர்ந்து தூக்கிவிட வேண்டும். எருதுக்கும் கழுதைக்கும் ஓய்வுநாளில் இளைப்பாறுதல் உண்டு. ஏழாம் வருஷத்தில் நிலத்தைச் சும்மா விட வேண்டும். அதில் தானாய் விளைவதை எளியவர் புசிப்பார்கள், மீதியைக் காட்டு மிருகங்கள் புசிக்கும். யாத்திராகமம் இருபத்துமூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்நியனை ஒடுக்காதே என்ற கட்டளைக்கு ஒரு பக்கத்தில் சத்துருவின் கழுதை நிற்கிறது, மறுபக்கத்தில் காட்டு மிருகம் மேய்கிறது. சட்டம் தந்தவர் மனித நீதிக்கு ஓர் ஏடு, மிருக இரக்கத்துக்கு வேறோர் ஏடு என்று பிரித்து எழுதவில்லை.

ஒரு சொல்லைக் காட்டுகிறேன். அந்த அதிகாரத்தில் அந்நியனை ஏன் ஒடுக்கக் கூடாது? அந்நியனின் 'நெஃபெஷ்' எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தவர்கள்தானே என்கிறது எபிரேயம். நெஃபெஷ் என்றால் உயிர், உள்ளம், உயிரின் தவிப்பு. நீதிமொழிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில், நீதிமான் யார் என்று சொல்லும் பத்தாம் வசனத்திலும் அறிவது, நெஃபெஷ் என்ற அதே இரண்டு சொற்கள் இணைகின்றன: நீதிமான் தன் மிருகத்தின் நெஃபெஷை அறிந்தவன். அறிவது என்ற சொல்லைக் கவனியுங்கள். மாட்டுக்குத் தாகம் எடுக்கும் நேரத்தை அறிகிற அறிவு அது. உழவர் வீட்டில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பவுலை என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்பார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், ஒன்பதாம் அதிகாரத்தில், மாட்டின் வாயைக் கட்டும் சட்டத்தை எடுத்து, தேவன் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று அவர் கேட்கிறார். ஊழியக்காரனுக்குக் கூலி வேண்டும் என்பதை நிறுவ அவர் அந்தச் சட்டத்தை நீட்டுகிறார். அந்த வாதத்தின் வேகத்தில் மாட்டை அவர் தாண்டிப் போய்விட்டார் என்றே நான் நினைக்கிறேன். மாட்டுக்குத் தின்னக் கொடுக்காத களத்தில் ஊழியக்காரனுக்கு எந்த நியாயம் மிஞ்சும்? அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது சர்வ சிருஷ்டியும் பிரசவ வேதனைப்படுவதைக் கேட்டவர். அவரை ஒற்றை வசனத்தில் அடைத்துவிட வேண்டாம்.

இயேசுவிடம் போவோம். லூக்கா பதின்மூன்றில், பதினெட்டு ஆண்டுகளாகக் கூனியாய் இருந்த ஸ்திரீயை ஓய்வுநாளில் குணமாக்கியதற்காக ஜெப ஆலயத் தலைவன் கோபப்படுகிறான். ஓய்வுநாளில் நீங்கள் உங்கள் எருதையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா என்று இயேசு கேட்கிறார். தண்ணீர் காட்டுவது தவறு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எதிர்த்து நின்றவர்களுக்கும் அது தெரிந்த நியாயம். மாட்டின் கட்டை அவிழ்க்கிற கை இந்த ஸ்திரீயின் கட்டையும் அவிழ்க்கலாம் என்று அங்கிருந்து அவர் போகிறார்.

5.

இவ்வளவும் வேதத்தில் இருக்க, திருச்சபை என்ன செய்தது? வருத்தத்தோடு சொல்கிறேன். மேற்கத்திய இறையியலின் இரு பெரும் தூண்கள் இந்த வாசலைச் சாத்திவிட்டார்கள். மிருகங்களைக் கொல்லாமையைப் போதித்த மானிக்கேயரை எதிர்த்து எழுதிய அகஸ்தீன், பன்றிக் கூட்டத்துக்குள் பிசாசுகள் போன நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி, மிருகங்களோடு நமக்கு நியாய உறவு எதுவும் இல்லை என்று வாதிட்டார். தாமஸ் அக்வினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மிருகக் கொடுமையைக் கூடாது என்றார். அதற்கு அவர் தந்த காரணம், அந்தப் பழக்கம் மனிதனிடத்திலும் கொடுமையாகத் திரும்பிவிடும் என்பது. இல்லையென்றால் உடைமைக்காரனுக்கு நட்டம். மிருகம் படும் வேதனைக்கு அந்தக் கணக்கில் எண் இல்லை. நூற்றாண்டுகளாகப் போதகர்கள் இந்தக் கணக்கைத்தான் படித்தார்கள். இன்று சபையில் கேட்கும் 'ஆத்துமா இல்லாத ஜீவன்' என்ற பேச்சின் வேர் வேதத்தில் இருப்பதைவிட அங்கேயே அதிகம்.

கிழக்கே வேறு குரல் இருந்தது. ஏழாம் நூற்றாண்டில், இன்றைய கத்தார் பகுதியில் பிறந்த ஈசாக்கு என்ற துறவி நினிவேக்குப் பேராயராக்கப்பட்டார். ஐந்தே மாதத்தில் பதவியை விட்டு மலைக்குப் போய்விட்டார். அவர் சீரிய மொழியில் எழுதிய உரைகளில் ஒன்று, இரக்கமுள்ள இருதயம் எது என்று கேட்டுப் பதில் சொல்கிறது. மனிதருக்காக, பறவைகளுக்காக, மிருகங்களுக்காக, பிசாசுகளுக்காகக்கூடப் பற்றி எரிகிற நெஞ்சு அது. எந்த உயிருக்கும் நேர்ந்த சிறு நோவையும் அதனால் கேட்கப் பொறுக்காது. ஊர்வனவற்றுக்காகவும் கண்ணீரோடு ஜெபிக்கும். அண்டையிலுள்ள கேரளத்துச் சபைகளில் பல, அந்தச் சீரிய மரபில் வந்தவை. நமக்குத் தூரத்துக் குரல் என்று அதைத் தள்ளிவிட முடியாது.

நினிவே என்றதும் யோனா நினைவுக்கு வருகிறார் அல்லவா? அந்த ஊர் மனந்திரும்பியபோது மிருகங்களுக்கும் இரட்டுடுத்தினார்கள். புத்தகத்தின் கடைசி வசனத்தில், இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதரைச் சொல்லிய பிறகு, அநேக மிருகஜீவன்களையும் சொல்லி அவற்றுக்காகவும் நான் பரிதபிக்க வேண்டாமா என்று தேவன் கேட்கிறார். யோனா பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. அந்தக் கேள்விக்கு அதே ஊரின் ஆயர் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்துப் பதில் சொன்னார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிரான்சிஸ் அசிசியாரை நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். பெவாஞ்ஞா அருகே பறவைகளுக்கு அவர் பிரசங்கித்தது எல்லோருக்கும் தெரியும். அதைவிட எனக்கு நெருக்கமானது, அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா பதிவுசெய்த ஓர் ஆசை. பேரரசரிடம் பேசக் கிடைத்தால், கிறிஸ்து பிறந்த நாளில் எல்லோரும் வழியில் தானியம் தூவ வேண்டும் என்று ஆணையிடச் சொல்வேன் என்றாராம். பனிக்காலத்தில் வானம்பாடிகளுக்கு அன்றாவது வயிறு நிறைய வேண்டும் என்பது அவர் கவலை.

6.

ஆங்கிலிக்கன் குருவானவர் ஆர்தர் புரூமைப் பற்றி நம் இறையியல் வகுப்புகளில் பேசுவதில்லை. ஹம்ஃப்ரி பிரைமட் என்ற குருவானவர் 1776இல் மிருகங்களுக்கு இரங்குவது கடமை, கொடுமை பாவம் என்று வேதத்தை ஆதாரமாக வைத்து ஒரு நூல் எழுதியிருந்தார். புரூம் அதைச் சுருக்கி மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். பிறகு 1824 ஜூன் 16 அன்று லண்டனில் ஒரு காப்பிக் கடையில் சிலரைக் கூட்டினார். அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸ் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மாட்டைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் சட்டத்தை 1822இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றச் செய்த ரிச்சர்ட் மார்ட்டினும் இருந்தார். மிருகவதைத் தடுப்புச் சங்கம் அன்று பிறந்தது. 1840இல் விக்டோரியா அரசியின் அனுமதியோடு 'அரச' என்ற அடைமொழி அதன் பெயரில் சேர்ந்தது.

புரூம் சங்க வேலைக்காகச் சபைப் பொறுப்பை விட்டார். சங்கத்தின் கடன் அவர் தலையில் விழுந்து 1826இல் கடன்காரர் சிறைக்குப் போனார். 1837இல் இறந்தபோது அவரை நினைப்பவர் அதிகம் இல்லை. சிறையிலிருந்து அவரை மீட்கப் பணம் திரட்டியவர்களில் ஒருவர் லூயிஸ் கோம்பர்ட்ஸ் என்ற யூதர். புரூமுக்குப் பிறகு சங்கத்தின் செயலராக இருந்து அதைத் தூக்கி நிறுத்தியவரும் அவரே. சில ஆண்டுகளில், இது கிறிஸ்தவக் கோட்பாட்டில் நிற்கும் சங்கம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். கோம்பர்ட்ஸ் வெளியேற நேர்ந்தது. இதை வேண்டுமென்றே சொல்கிறேன். இரக்கம் நம் விசுவாசத்தின் நடுவில் இருக்கிறது என்று நான் வாதிடுவதை, இரக்கம் எங்களுக்கே சொந்தம் என்று யாரும் மாற்றிக்கொள்ளக் கூடாது. குதிரைக்கு இரங்கி மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்தியது பாவம்.

7.

கடைசியாக நம் நாட்டில், நம் காலத்தில் நடந்ததற்கு வருகிறேன்.

அமூர் வல்லூறு கிழக்குச் சைபீரியாவிலும் வடசீனத்திலும் கூடு கட்டும் சிறு பறவை. எடை ஏறக்குறைய 150 கிராம். குளிர் தொடங்குமுன் தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும். வழியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாகாலாந்தில் இறங்கி, புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். பிறகு தக்காணத்தின் மேலாகப் பறந்து அரபிக்கடலை ஒரே மூச்சில் கடக்கும். வானத்துப் பறவைகள் தங்கள் வரவின் காலத்தை அறிந்திருப்பதை எரேமியா எட்டாம் அதிகாரத்தில் எழுதினார். அவர் ஊருக்கு மேலேயும் நாரைகளின் வலசைப் பாதை இருந்தது.

நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் தோயாங் ஆற்றில் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டினார்கள். நீர்த்தேக்கம் விளைநிலங்களை மூழ்கடித்தது. பாங்தி முதலிய லோத்தா நாகர் கிராமங்கள் விவசாயத்தை இழந்து மீன்பிடிப்புக்கு மாறின. அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றித்தான் வல்லூறுகள் இலட்சக்கணக்கில் கூடின. மீன்வலை மரங்களுக்கிடையே ஏறிற்று. 2012 அக்டோபரில் வனவுயிர் ஆர்வலர் குழு ஒன்று அங்கே போய்ப் படம்பிடித்து வெளியிட்டது. அந்தப் பருவத்தில் பிடிபட்டவை 1,20,000 முதல் 1,40,000 வரை இருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். உயிரோடும், புகையில் வாட்டியும் விற்றார்கள். நினிவேயின் மக்கள்தொகையாக யோனா புத்தகம் சொல்லும் எண்ணும் இலட்சத்து இருபதினாயிரம்தான். தற்செயல்தான், ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வேதத்தைத் திறந்த எனக்கு அந்தக் கடைசி வசனத்தை அமைதியாக வாசிக்க முடியவில்லை.

கூட்டுச் சட்டத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். அங்கே தாய்ப் பாசம் கண்ணியாயிற்று. இங்கே களைப்பு கண்ணியாயிற்று. நெடும்பயணத்தில் இளைப்பாற இறங்கியதால்தான் அந்தப் பறவைகள் வலைக்கு எட்டின.

நாகாலாந்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். பெரும்பாலும் பாப்டிஸ்ட் சபையினர். செய்தி வெளியானதும் அரசும் வனத்துறையும் நடவடிக்கை எடுத்தன. பானோ ஹராலு என்ற நாகாலாந்துப் பத்திரிகையாளரும் அவரோடிருந்தவர்களும் கிராமம் கிராமமாகப் போனார்கள். ஊர் மன்றங்கள் கூடின, பள்ளிப் பிள்ளைகளுக்கு மன்றங்கள் தொடங்கின, சபைகளில் போதகர்கள் பேசினார்கள். சபை மட்டும் செய்த காரியம் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. சபை பேசாமல் இருந்திருந்தால் இவ்வளவு விரைவாக நடந்திருக்காது என்பது என் கணிப்பு. அடுத்த ஆண்டு, 2013 பருவத்தில், தோயாங்கில் வல்லூறு வேட்டை நின்றுபோயிற்று. பன்னிரண்டே மாதங்கள்!

எப்போதும் இறைச்சி தாராளமாகக் கிடைக்கும் நகரத்தில் உட்கார்ந்து நான் இதைப் புகழ்வது எளிது. விளைநிலம் தண்ணீருக்கு அடியில் போனவர்கள் அவர்கள். சில வாரத்து வேட்டையில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வந்துகொண்டிருந்தது. கையில் வலை இருந்தது, கண்முன் பறவை இருந்தது, வாங்க ஆளும் இருந்தது. அப்படியிருந்தும் கையைப் பின்னுக்கு இழுத்தார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன இரக்கத்தின் வடிவத்தை, எந்த இறையியல் நூலையும்விடத் தெளிவாக அந்தக் கிராமத்தாரிடம் பார்க்கிறேன். அவர்கள் இழந்த வருமானத்துக்கு நாடு முழுமையாக ஈடு செய்ததா என்ற கேள்வியைப் பறவையை நேசிக்கும் நாம்தான் விடாமல் கேட்க வேண்டும். எளியவரும் காட்டு மிருகமும் ஒரே வயலில் புசிக்கும் ஏழாம் வருஷத்துச் சட்டம் நமக்கு அப்படித்தான் சொல்கிறது.

அந்த நவம்பரில் மூன்று வல்லூறுகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள். அவற்றுக்கு இட்ட பெயர்கள் நாகா, வோக்கா, பாங்தி. முந்தைய ஆண்டு வலை கட்டிய கிராமத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பறவை கடல் கடந்து தெற்கு ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது.

அன்பர்களே, நேரம் ஆகிவிட்டது. தொடக்கத்தில் சொன்ன கடனை அடைத்துவிட்டு அமர்கிறேன்.

நம் ஊர்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நெல், தேங்காய், வாழைத்தார், பூசணி, முட்டை, ஆடு, கோழி என்று காணிக்கை வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். அதுவரை கோழிகள் காலைக் கட்டிய நிலையில் ஆலயத்துக்கு வெளியே கிடக்கும். பிரசங்கம் நீண்டால் வெயில் அவற்றின் மேல் ஏறிவிடும், அலகைத் திறந்து மூச்சு வாங்கும். நாங்கள் சிறுவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போவோம். எங்களுக்கு அது ஒரு காட்சியாகவே பட்டதில்லை.

ஓர் ஆண்டு, மருத்துவர் ஐயா பிரசங்கத்தின் நடுவில் எழுந்து வெளியே போனார். ஏதோ அவசரம் என்று நினைத்தோம். ஏலத்துக்காக வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் மூன்று பஞ்சாரங்கள் கவிழ்த்திருந்தன. கோழிகள் உள்ளே நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டையில் தண்ணீர். பக்கத்து வீடுகளில் பஞ்சாரம் இரவல் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். மூப்பர் ஒருவர், ஆராதனையிலிருந்து எழுந்து போகலாமா டாக்டர் என்று கேட்டார். ஐயா பதில் சொல்லவில்லை, சிரித்தார். மறு ஆண்டிலிருந்து காலையிலேயே பஞ்சாரங்களோடு வருவார். ஊரைவிட்டு மாற்றலாகிப் போகும்வரை அப்படித்தான்.

அவிழ்த்த பனைநார்களை அவர் எறிந்துவிடமாட்டார். ஒவ்வொன்றாகச் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஏலம் முடியும்வரை மரத்தடியில் நிற்பார். கோழியை எடுத்தவர் வந்து நார் கேட்டால், எவ்வளவு தூரம் போகணும் என்று முதலில் விசாரிப்பார். பக்கத்துத் தெருதான் என்றால், கையில் அணைச்சே கொண்டு போங்க என்பார்.